தென் அமெரிக்க ஹேர்ஸ்ட்ரீக் வண்ணத்துப்பூச்சிகள்: புதிய இனம் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"அமேசான் காட்டில் புதிய வண்ணத்துப்பூச்சி கண்டுபிடிப்பு" என்று செய்தி வந்தால், யாரோ வலையோடு காட்டுக்குள் போனார், யாரும் பார்த்திராத ஒன்று பறந்து வந்தது, பிடித்துப் பெயர் வைத்துவிட்டார் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஹேர்ஸ்ட்ரீக் வண்ணத்துப்பூச்சிகளைப் பொறுத்தவரை அப்படி நடப்பது மிக அபூர்வம். ஒன்றைப் புதிது என்று சொல்ல வேண்டுமானால், ஏற்கெனவே பெயர் பெற்ற எதுவும் அது அல்ல என்று முதலில் காட்டியாக வேண்டும். உழைப்பில் பெரும்பகுதி அதற்கே போகிறது. இதைப்பற்றி ஆர்வலர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

ஹேர்ஸ்ட்ரீக் என்றால் எந்த வண்ணத்துப்பூச்சி?

நீலன்கள் என்று நாம் சொல்லும் லைசீனிடே குடும்பத்தில் ஒரு பிரிவு. வட, தென் அமெரிக்கக் கண்டங்களில் இருக்கும் ஹேர்ஸ்ட்ரீக்குகளில் கிட்டத்தட்ட எல்லாமே யூமேயினி என்ற ஒரே குழுவைச் சேர்ந்தவை. வெப்பமண்டல அமெரிக்காவில் மட்டும் இந்தக் குழுவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை இறக்கையை மூடி உட்கார்ந்தால் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான்.

பின் இறக்கையின் நுனியில் மயிரிழை போல ஒன்றோ இரண்டோ வால் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் அடியில் ஒரு கண் புள்ளி. உட்கார்ந்த உடனே பின் இறக்கைகளை மேலும் கீழுமாக உரசும். அப்போது வால்கள் உணர்கொம்புகளைப் போல அசையும். பார்க்கிற எதிரிக்கு அந்தப் பக்கம்தான் தலை என்று தோன்றும். இந்தப் போலித் தலை உத்தியை ராபர்ட் ராபின்ஸ் 1981இல் வெளியான ஆய்வில் விரிவாக அலசினார். வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பல பத்தாண்டுகளாக ஹேர்ஸ்ட்ரீக்குகளை ஆராய்ந்துவரும் அவர் பெயர் இந்தப் பக்கத்தில் பல இடங்களில் வரும். 2013இல் ஃப்ளோரிடாவில் ஆந்த்ரே சௌராக்கோவ் செய்த சோதனையில், காலிகோபிஸ் செக்ரோப்ஸ் என்ற ஹேர்ஸ்ட்ரீக்கைப் பிடிக்கப் பாய்ந்த குதிக்கும் சிலந்தி, போலித் தலையைத் தாக்கி ஏமாந்துபோனது.

தென் அமெரிக்காவில் மட்டும் ஏன் இன்னமும் புதிய இனங்கள் வந்துகொண்டே இருக்கின்றன?

முதல் காரணம், அங்கே இருப்பதே மிக அதிகம். கொலம்பியாவுக்கு மட்டும் 2021இல் வெளியான பட்டியலில் 3,642 வண்ணத்துப்பூச்சி இனங்கள் உள்ளன.

இரண்டாவது காரணம் ஹேர்ஸ்ட்ரீக்குகளின் பழக்கம். பல இனங்கள் மரங்களின் உச்சியிலேயே வாழ்கின்றன. ஆண்கள் குன்றின் உச்சிகளிலும் முகடுகளிலும் இடம்பிடித்துப் பெண்ணுக்காகக் காத்திருக்கும். அதிலும் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு நேரம் உண்டு. காலையில் வரும் இனம் மதியம் அங்கே இருக்காது; மதியம் கழித்து வரும் இனத்தைக் காலையில் போனவர் பார்த்திருக்கவே மாட்டார். சில பேரினங்களின் ஆண்கள் பூவுக்கு வருவதைவிட அழுகிய மீன் வைத்த பொறிக்கு நன்றாக வருகின்றன. அந்த வழக்கம் பரவிய பிறகுதான், அதுவரை அபூர்வம் என்று நினைத்திருந்த சில இனங்கள் அப்படி ஒன்றும் அபூர்வமில்லை என்று தெரியவந்தது.

2004இல் பெரு நாட்டின் ஹெரார்டோ லாமாஸ் தொகுத்த வெப்பமண்டல அமெரிக்க வண்ணத்துப்பூச்சிப் பட்டியலில் ஹேர்ஸ்ட்ரீக் பகுதியை எழுதியவர் ராபின்ஸ். அதில் பெயருள்ள இனங்களோடு, "இது தனி இனம், இன்னும் பெயரிடப்படவில்லை" என்ற குறிப்போடு நிறைய இடங்கள் இருந்தன. அதாவது, மாதிரிகள் அருங்காட்சியகப் பெட்டிகளில் ஏற்கெனவே இருந்தன. அதற்குப் பின் வந்த புதிய பெயர்களில் கணிசமானவை அந்த வரிசையிலிருந்து வந்தவைதான்.

ஒரு பூச்சி புதிதாக இருக்கலாம் என்ற சந்தேகம் முதலில் எங்கிருந்து வருகிறது?

ஒரு உண்மைக் கதையே இதற்கு நல்ல பதில். மினிஸ்ட்ரைமான் ஏசியா என்று ஒரு சின்னஞ்சிறு சாம்பல் நிற ஹேர்ஸ்ட்ரீக் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரான வில்லியம் சாப்மன் ஹியூவிட்சன் பெயரிட்டது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தெற்கிலிருந்து தென் அமெரிக்காவின் தெற்குப் பகுதி வரை பரவியிருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த, யாரும் இரண்டாவது முறை திரும்பிப் பார்க்காத பூச்சி.

ஆனால் ஏசியா என்று எழுதிவைத்த பூச்சிகளில் இரண்டு விதமான கண்கள் இருந்தன. சிலவற்றுக்குக் கருமை கலந்த அடர் பழுப்பு. சிலவற்றுக்கு ஆலிவ் பச்சை. கண்ணின் நிறம் உயிரோடு இருக்கும் பூச்சியில்தான் பளிச்சென்று தெரியும். ஊசி குத்திக் காயவைத்த மாதிரியில் மங்கிவிடும். வட அமெரிக்காவில் வண்ணத்துப்பூச்சிகளைப் பிடிக்காமல் தொலைநோக்கியிலும் கேமராவிலும் பார்க்கும் பழக்கத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான ஜெஃப்ரி கிளாஸ்பெர்கும் ராபின்ஸும் சேர்ந்து இதை ஆராய்ந்தார்கள். கண்ணை வைத்துப் பிரித்த இரண்டு குவியல்களையும் ஒப்பிட்டபோது, இறக்கையின் அடிப்புறக் கோடுகளிலும் சிறு வேறுபாடுகள் சீராக வந்தன. வாழிடமும் ஒன்றாக இல்லை. பச்சைக் கண் பூச்சி டெக்சாஸிலிருந்து கோஸ்டாரிகாவின் குவானகாஸ்தே வரை வறண்ட இலையுதிர் காடுகளிலும் புதர்க்காடுகளிலும் இருக்கிறது. தென் அமெரிக்காவில் வெனிசுவேலாக் கரைக்கு எதிரே உள்ள வறண்ட தீவுப் பகுதியிலும் கிடைத்திருக்கிறது. ஏசியாவோ வறண்ட இடம், ஈரமான இடம் இரண்டிலும் வாழ்கிறது.

2013இல் ஸூகீஸ் இதழில் அது மினிஸ்ட்ரைமான் ஜேன்விக்ராய் என்ற புதிய இனமாக வெளியானது. டெக்சாஸில் வண்ணத்துப்பூச்சி பார்ப்பவர்கள் ஏராளம்; எத்தனையோ பேர் கண்ணெதிரே பறந்த பூச்சிதான் அது. எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். யாரும் போகாத காட்டுக்குப் போனவர் கண்டுபிடித்தது அல்ல இது. தெரிந்த பூச்சியின் முகத்தை ஒருவர் பொறுமையாகப் பார்த்ததால் வந்தது.

இன்னொரு வழியும் உண்டு. அருங்காட்சியகத்தில் ஒரு பேரினத்தை முழுதாக மறு ஆய்வு செய்ய உட்காருகிறார்கள். ஒரே பெயரில் வரிசையாகக் குத்தி வைத்திருக்கும் மாதிரிகளில் நாலைந்து மட்டும் சேராமல் நிற்கும். சந்தேகம் அங்கே தொடங்கும். ஈனோமாஸ், போர்த்தெக்லா, பராஸ்பிகுலேட்டஸ் முதலிய பேரினங்களில் பல புதிய இனங்கள் இப்படிப்பட்ட மறு ஆய்வுகளில்தான் வந்தன.

எந்தெந்த அடையாளங்களைப் பார்க்கிறார்கள்?

இறக்கையின் மேற்புறத்தைப் பார்த்தால் பல இனங்கள் ஒரே மாதிரி பளபளக்கும் நீலம். கண்ணைப் பறிக்கும் அந்த நிறத்தை நம்பி முடிவு செய்ய முடியாது. அடிப்புறம்தான் நம்பகமானது: குறுக்கே ஓடும் கோடு எங்கே உடைகிறது, எந்த இடத்தில் வெள்ளை ஓரம் சேர்கிறது, கண் புள்ளியைச் சுற்றியுள்ள ஆரஞ்சு எவ்வளவு தூரம் பரவுகிறது என்றெல்லாம் பார்ப்பார்கள்.

அப்புறம் ஆணின் வாசனைத் திட்டுகள். பல ஹேர்ஸ்ட்ரீக் ஆண்களுக்கு முன் இறக்கையின் மேற்புறத்தில், சிறப்புச் செதில்களால் ஆன ஒரு கருமையான திட்டு இருக்கும். பெண்ணைக் கவரும் வேதிப்பொருள் அங்கிருந்து வருகிறது. அந்தத் திட்டின் வடிவம், இடம், அது இருக்கிறதா இல்லையா என்பது எல்லாமே முக்கியமான தடயங்கள். ஆனால் இதிலும் கவனம் வேண்டும். மரகதப் பச்சையாக மின்னும் ஆர்காஸ் பேரினத்தை ராபின்ஸ் குழு ஆராய்ந்து 2012இல் வெளியிட்டபோது ஒரு விஷயம் தெரிந்தது: நெருங்கிய உறவினங்கள் இல்லாத பகுதியில் தனியாக வாழும் இனங்களில் இந்த ஆண் உறுப்புகள் மறைந்துபோயிருக்கின்றன. குழம்புவதற்குப் பக்கத்தில் வேறு இனம் இல்லையென்றால் அடையாளச் சின்னம் தேவைப்படுவதில்லை போலும். ஆகவே திட்டு இல்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து, இது வேறு பேரினம் என்று சொல்லிவிட முடியாது. முன்பு அப்படிச் சொல்லிப் பிரித்த பேரினங்கள் பிறகு சேர்க்கப்பட்டிருக்கின்றன.

கடைசியாக இனப்பெருக்க உறுப்புகள். வண்ணத்துப்பூச்சி வகைப்பாட்டில் இதைத் தவிர்க்கவே முடியாது.

இனப்பெருக்க உறுப்பை எப்படிப் பார்ப்பது? அவ்வளவு சிறியதாயிற்றே?

காய்ந்த மாதிரியின் வயிற்றுப் பகுதியை மெதுவாகக் கழற்றி, பத்து விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைப்பார்கள், அல்லது லேசாகச் சூடாக்குவார்கள். தசையும் கொழுப்பும் கரைந்து, கெட்டியான கைட்டின் பாகங்கள் மட்டும் மிஞ்சும். தூரிகையால் செதில்களைத் துடைத்து, ஆல்கஹாலில் கழுவி, தேவைப்பட்டால் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஆணில் பற்றிப் பிடிக்கும் மடல்கள், ஆண்குறியின் நுனி, அதனுள் இருக்கும் முட்கள். பெண்ணில் விந்துப் பையும் அதற்குப் போகும் குழாயின் வடிவமும். பார்த்து முடித்ததும் அதைத் தூக்கிப் போடுவதில்லை. கிளிசரின் நிரப்பிய சின்னக் குப்பியில் போட்டு, அதே மாதிரியின் ஊசியிலேயே அடியில் குத்தி வைப்பார்கள். நூறு வருஷம் கழித்து வருகிறவரும் எடுத்துப் பார்க்கலாம்.

ஒரே ஒரு மாதிரியை அறுத்துப் பார்த்து முடிவு செய்வது ஆபத்து. ஒரே இனத்துக்குள்ளேயே இந்த உறுப்புகள் கொஞ்சம் மாறும். எவ்வளவு மாறும் என்று தெரிந்தால்தான் எந்த வித்தியாசம் கணக்கில் சேரும் என்று சொல்ல முடியும்.

ஆணும் பெண்ணும் வேறு வேறாக இருந்தால்?

பெரும்பாலும் அப்படித்தான் இருக்கின்றன. ஆண் பளபளக்கும் நீலம், பெண் மங்கிய சாம்பல். முற்காலத்தில் ஒரே இனத்தின் ஆணுக்கு ஒரு பெயரும் பெண்ணுக்கு ஒரு பெயரும் வைத்தவர்கள் உண்டு. அடிப்புறக் கோலம் இரண்டிலும் பொதுவாக ஒத்திருக்கும் என்பதால் அதை வைத்து இணைக்கிறார்கள். இப்போது டி.என்.ஏ.யும் கைகொடுக்கிறது.

டி.என்.ஏ. பார்த்தால் போதாதா? இன்னும் ஏன் கோடு, புள்ளி எல்லாம்?

டி.என்.ஏ. பெரிய உதவி. அது மட்டும் போதுமென்று நான் நினைக்கவில்லை. இந்தத் துறையில் பலரும் அப்படி நினைக்கவில்லை.

2003இல் கனடாவின் பால் ஹெபர்ட் குழு "டி.என்.ஏ. பார்கோடு" முறையை முன்வைத்தது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பில் உள்ள சி.ஓ.ஐ. என்ற மரபணுவின் 658 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டைப் படித்து இனத்தை அடையாளம் காண்பது அது. ஒரு காலை உடைத்துக் கொடுத்தால் போதும். ஆனால் மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாக மட்டுமே வருவது. இரண்டு இனங்கள் எப்போதாவது கலந்திருந்தால் ஒன்றின் மைட்டோகாண்ட்ரியா மற்றொன்றில் தங்கிவிடலாம். பூச்சியின் உடலுக்குள் வாழ்ந்து தாய்வழியாகவே பரவும் வோல்பாக்கியா போன்ற பாக்டீரியாவும் இதைக் குழப்பும். நீலன்களை வைத்து மார்ட்டின் வீமர்ஸும் கொன்ராட் ஃபீட்லரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, இனங்களுக்குள் இருக்கும் வேறுபாடும் இனங்களுக்கு இடையே இருக்கும் வேறுபாடும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவருவதைக் காட்டியது. எல்லோரும் எதிர்பார்த்த தெளிவான இடைவெளி அங்கே இல்லை.

ஹேர்ஸ்ட்ரீக்கிலேயே நல்ல சான்று உண்டு. டெக்சாஸில் நிக் கிரிஷின் குழு 2016இல் காலிகோபிஸ் செக்ரோப்ஸ், காலிகோபிஸ் ஐசோபியான் என்ற இரண்டு நெருங்கிய இனங்களின் முழு மரபணுத்தொகுதியைப் படித்தது. உட்கருவில் உள்ள டி.என்.ஏ. சொன்ன கதையும் மைட்டோகாண்ட்ரியா சொன்ன கதையும் பொருந்தவில்லை. பார்கோடை மட்டும் பார்த்திருந்தால் தவறான முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள்.

முழு மரபணுத்தொகுதியைப் படிப்பது இப்போது மலிவாகிவருகிறது. நூறு வருஷம் பழைய மாதிரியிலிருந்தும் டி.என்.ஏ. எடுக்கிறார்கள். அதன் பலன் உருவத்தோடும் வாழிடத்தோடும் ஒத்துப்போகும்போதுதான் எனக்கு முழு நம்பிக்கை வருகிறது.

சரி, எவ்வளவு வித்தியாசம் இருந்தால் தனி இனம்?

இதற்கு ஒரு எண் கிடையாது. ஹேர்ஸ்ட்ரீக் ஆய்வாளர்கள் நம்பும் வலுவான சோதனை ஒன்று உண்டு. இரண்டு வடிவங்களும் ஒரே காட்டில், ஒரே பருவத்தில் பறக்கின்றனவா? பறந்தும், நடுவாந்தரமான பூச்சி ஒன்றும் கிடைக்கவில்லையா? அப்படியானால் அவை தங்களுக்குள் கலப்பதில்லை, இரண்டும் தனித்தனி இனம். ஒரே ஒரு சிறிய அடையாளம்தான் வேறுபடுகிறது என்றாலும் அது போதும்.

சிக்கல் எங்கே என்றால், ஒன்று ஆண்டீஸ் மலைக்கு மேற்கேயும் மற்றொன்று கிழக்கேயும் இருக்கும்போது. அல்லது கொலம்பியாவின் சாந்தா மார்த்தா மலை போலத் தனித்து நிற்கும் இடத்தில் ஒன்று இருக்கும்போது. அவை சந்திப்பதே இல்லை. சந்தித்தால் கலக்குமா என்று பார்க்க வழியும் இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், ஒரே காட்டில் சேர்ந்து வாழும் உறவினங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்துக்கு ஈடாக இருக்கிறதா என்று ஒப்பிடுவதே அப்போது கைகொடுக்கும் வழி. இந்த இடத்தில் நேர்மையான ஆய்வாளர்களே வேறு வேறு முடிவுக்கு வருவார்கள். புதிய இனம் என்பது ஆதாரத்தோடு முன்வைக்கும் ஒரு கருத்து. நாளை வேறு ஆதாரம் வந்தால் அது மாறலாம்.

லண்டனுக்கும் பெர்லினுக்கும் போய்ப் பழைய மாதிரிகளை ஏன் பார்க்க வேண்டும்?

ஏனென்றால் ஒரு பெயர் எந்தப் பூச்சியைக் குறிக்கிறது என்பதை முடிவு செய்வது நூலில் உள்ள வர்ணனை அல்ல. பெயர் வைத்தபோது கையில் இருந்த வகை மாதிரி. நிலத் தகராறு வந்தால் மூலப்பத்திரத்தை எடுத்துப் பார்ப்பதுபோலத்தான் இதுவும்.

தென் அமெரிக்க ஹேர்ஸ்ட்ரீக்குகளின் மூலப்பத்திரங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவில் இருக்கின்றன. ஹியூவிட்சன் நியூகாசிலில் பிறந்த செல்வந்தர். ஹென்றி வால்டர் பேட்ஸ் போன்றவர்கள் சேகரித்து அனுப்பியதை உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆராய்ந்து, அழகாக வரைந்து, நூற்றுக்கணக்கான பெயர்களை வைத்தார். 1878இல் அவர் இறந்தபின் சேகரிப்பு பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனது. அந்தக் காலத்துச் சீட்டுகளில் இடம் என்று "அமேசான்" என்பது போல ஒரே சொல் இருக்கும். அமேசானில் எங்கே என்று கேட்டால் யாரும் சொல்ல முடியாது. அதற்கும் முன்னால், ஆம்ஸ்டர்டாம் வணிகர் பீட்டர் கிராமர் சூரினாம் பூச்சிகளை 1775 முதல் படங்களோடு வெளியிட்டார். அவற்றில் பலவற்றுக்கு மாதிரி காணாமல் போய்விட்டது. படம் மட்டும்தான் மிச்சம். போதாக்குறைக்கு, வெகுகாலம்வரை அமெரிக்க ஹேர்ஸ்ட்ரீக்குகளைப் பெரும்பாலும் தெக்லா என்ற ஒரே பேரினத்தில்தான் போட்டுவைத்தார்கள். ஆகையால் பழைய பெயர்களைத் தேடுகிறவர் முதலில் அந்தப் பெரிய குவியலைக் கிளற வேண்டியிருக்கும்.

இப்போது "பட்டர்ஃபிளைஸ் ஆஃப் அமெரிக்கா" இணையதளத்தில் வகை மாதிரிகளின் படங்களை இலவசமாகப் பார்க்கலாம். பெருவின் லிமாவிலோ பிரேசிலின் குரிச்சிபாவிலோ இருக்கும் மாணவருக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்று சொல்லி முடியாது. ஆனாலும் வயிற்றை அறுத்துப் பார்க்க வேண்டுமானால் நேரில்தான் போக வேண்டும்.

இந்த மாதிரிகள் எவ்வளவு எளிதில் அழியக்கூடியவை என்பதை 2018 செப்டம்பர் 2ஆம் தேதி உலகம் பார்த்தது. ரியோ டி ஜெனீரோவின் தேசிய அருங்காட்சியகத்தில் தீப்பிடித்து, அங்கிருந்த பூச்சிச் சேகரிப்பு ஏறக்குறைய முழுவதும் எரிந்துபோனது. மறுபடி காட்டுக்குப் போய்ப் புதிய பூச்சிகளைச் சேகரிக்கலாம். இப்போது வயலாகிவிட்ட காட்டில் அன்று பிடித்ததைச் சேகரிக்க முடியாது.

ஏற்கெனவே யாராவது பெயர் வைத்திருந்தால் என்ன ஆகும்?

முதலில் வைத்த பெயருக்கே உரிமை. பின்னால் வந்தது இணைப்பெயராகிவிடும். 1990களில் கர்ட் ஜான்சனும் அவருடைய சகாக்களும் காலிகோபிஸ் முதலிய குழுக்களில் மிக அதிகமான புதிய பெயர்களை வெளியிட்டார்கள். பிறகு ராபின்ஸும் சாவோ பாவ்லோ பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்தின் மார்செலோ துவார்த்தேயும் மற்றவர்களும் அவற்றில் பலவற்றை ஏற்கெனவே இருந்த இனங்களோடு சேர்த்தார்கள். தனித்தனிப் பூச்சிகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டை இன வேறுபாடாக எடுத்துக்கொள்ளலாமா என்பதுதான் அந்த விவாதத்தின் மையம். ஒரு பெயரை வைக்க ஒரு பக்கம் போதும். அதை நீக்க, அத்தனை மாதிரிகளையும் மறுபடி பார்க்க வேண்டும். இதனால்தான் அவசரப்பட்டு வைக்கும் பெயர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். பின்னால் வரும் ஒருவரின் பல வருஷ உழைப்பை அது தின்றுவிடும்.

விவரிக்கும் கட்டுரையில் என்னென்ன கட்டாயம் இருக்க வேண்டும்?

விலங்குகளுக்குப் பெயரிடும் பன்னாட்டு விதிநூலின் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி லத்தீன் எழுத்துகளில் பெயர் வேண்டும். மற்ற இனங்களிலிருந்து எதில் வேறுபடுகிறது என்று சொல்லும் விவரிப்பு வேண்டும். எந்த மாதிரி ஹோலோடைப், அதாவது பெயரைத் தாங்கும் அந்த ஒற்றை மாதிரி எது என்று வெளிப்படையாகச் சொல்லி, அது எந்தச் சேகரிப்பில் இருக்கிறது என்பதையும் குறிக்க வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியாகும் இதழ் என்றால் ஸூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2012இல் வந்த திருத்தம் இது.

விதி கேட்பது இவ்வளவே. நல்ல கட்டுரை இதைத் தாண்டிப் போகும். ஆண், பெண் இரண்டின் இரு புறப் படங்கள், உறுப்புகளின் வரைபடம், கிடைத்த இடங்களின் வரைபடம், உயரம், பறக்கும் மாதங்கள், முக்கியமாக உறவினங்களோடு பத்தி பத்தியாக ஒப்பீடு. நான் ஒரு கட்டுரையைக் கையில் எடுத்தால் முதலில் படிப்பது அந்த ஒப்பீட்டைத்தான். அது மெலிந்திருந்தால் மீதி எல்லாம் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

பெயரை யார் வேண்டுமானாலும் வைக்கலாமா? தன் பெயரையே வைத்துக்கொள்ளலாமா?

பட்டம், பதவி எதுவும் தேவையில்லை. ஹேர்ஸ்ட்ரீக் ஆய்வில் தொழிலால் வேறு வேலை பார்த்தவர்களின் பங்கு மிகப் பெரியது. தன் பெயரை வைத்துக்கொள்வதை விதி தடுக்கவில்லை, மரபு தடுக்கிறது. ஒருவரைக் கௌரவிக்கும் பெயர் என்றால் வழக்கமாக ஆணுக்கு "இ", பெண்ணுக்கு "ஏ" என்ற லத்தீன் விகுதி சேரும். சேர்க்காமலும் வைக்கலாம். மேலே சொன்ன பச்சைக் கண் பூச்சிக்குக் கிளாஸ்பெர்க் தன் மனைவியின் பெயரை விகுதி எதுவும் இல்லாமல் அப்படியே வைத்தார். கட்டுரையை எழுதியவர்கள் இருவர் என்றாலும் அந்தப் பெயருக்கு ஆசிரியர் கிளாஸ்பெர்க் ஒருவரே. இப்படிப் பிரித்துக் குறிப்பிடவும் விதியில் இடமுண்டு.

கொல்லாமல் முடியாதா? படம் போதாதா?

பூச்சிகளை நேசிக்கிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான். மேலே சொன்ன பச்சைக் கண் கதை, படம் எவ்வளவு உதவும் என்று காட்டுகிறது. ஆனால் படத்தை அறுத்துப் பார்க்க முடியாது, அதிலிருந்து டி.என்.ஏ. எடுக்க முடியாது, நாளைக்கு வரும் புதிய கருவிக்குக் கொடுக்க முடியாது. பாதுகாத்த மாதிரி இல்லாமல் பெயர் வைப்பதை விதிநூல் முற்றாகத் தடுக்கவில்லை. விதிநூலை வெளியிடும் பன்னாட்டு ஆணையம் 2017இல் தந்த பரிந்துரை, அப்படிச் செய்கிறவர் தகுந்த காரணம் சொல்ல வேண்டும் என்கிறது.

ஒரு பெண் வண்ணத்துப்பூச்சி பல முட்டைகளை இடும். அவற்றில் மிகச் சிலவே வளர்ந்து பறக்கின்றன. ஆய்வுக்காக எடுக்கும் சில மாதிரிகளால் ஒரு இனம் அழிவதில்லை. காடு வெட்டப்பட்டால் அழிகிறது. பெயர் இல்லாத பூச்சிக்குப் பாதுகாப்புப் பட்டியலில் இடமும் கிடையாது. இவ்வளவு சொன்ன பிறகும், தேவைக்கு மேல் ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது என்பதுதான் என் நிலைப்பாடு.

அனுமதி வேண்டுமா?

கட்டாயம். பிரேசிலில் சேகரிக்கச் சிஸ்பியோ என்ற அரசு முறையில் அனுமதி வாங்க வேண்டும். மரபணு ஆய்வு என்றால் 2015ஆம் ஆண்டின் 13,123 எண் கொண்ட சட்டப்படி சிஸ்ஜென் பதிவேட்டில் பதிய வேண்டும். உயிர்வளங்களின் பலனை அந்தந்த நாட்டோடு பகிர வேண்டும் என்கிற நகோயா ஒப்பந்தம் 2014 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேலை சற்றுத் தாமதமாகும்தான். ஆனால் மூலப்பத்திரங்கள் எல்லாம் ஐரோப்பாவுக்குப் போன வரலாற்றைப் பார்த்தால், இந்த நாடுகள் ஏன் இவ்வளவு கறாராக இருக்கின்றன என்பது புரியும்.

புழுவும் உணவுத் தாவரமும் தெரிந்தால்தான் விவரிக்கலாமா?

தேவையில்லை. பெரும்பாலான தென் அமெரிக்க ஹேர்ஸ்ட்ரீக்குகளுக்கு வளர்ந்த பூச்சியை மட்டும் வைத்தே பெயர் வைத்திருக்கிறார்கள். தெரிந்தால் மிக நல்லது. பல இனங்களின் புழுக்கள் இலையைவிடப் பூவையும் மொட்டையும் விரும்பித் தின்னும். காலிகோபிஸ் வகைப் புழுக்கள் தரையில் உதிர்ந்து கிடக்கும் சருகையே தின்று வளர்கின்றன. வண்ணத்துப்பூச்சிகளில் இது அரிது. ஸ்ட்ரைமான் மெகாரஸ் என்ற இனத்தின் புழு அன்னாசிக் காயைத் துளைத்துத் தின்பதால் பிரேசில் விவசாயிகளுக்கு அதைப் பூச்சியியலாளரைவிட நன்றாகத் தெரியும்.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. நம்மூர் மலையடிவாரங்களை மூடிக்கிடக்கும் உண்ணிச்செடி வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. ஹவாய்த் தீவுகளிலும் அது பெருகித் தொல்லை கொடுத்தபோது, 1902இல் ஆல்பர்ட் கோபெலே அதைக் கட்டுப்படுத்த மெக்சிகோவிலிருந்து பூச்சிகளை அனுப்பினார். அவற்றில் ஸ்ட்ரைமான் பசோச்சி, ட்மோலஸ் எகியான் என்ற இரண்டு ஹேர்ஸ்ட்ரீக்குகளும் இருந்தன. இரண்டும் இன்னும் ஹவாயில் பறக்கின்றன.

பிடித்த நாளிலிருந்து பெயர் வரும்வரை எவ்வளவு காலம் ஆகும்?

ஹேர்ஸ்ட்ரீக்குக்கு மட்டும் என்று தனிக் கணக்கு சொல்ல மாட்டேன். எல்லா வகை உயிர்களையும் சேர்த்து 2012இல் வெளியான ஓர் ஆய்வு, மாதிரி கையில் கிடைத்ததிலிருந்து இனமாக விவரிக்கப்படும்வரை சராசரியாக 21 ஆண்டுகள் ஆகின்றன என்று கணக்கிட்டது. சேகரித்தவர் அதற்குள் ஓய்வுபெற்றிருப்பார், சில சமயம் இறந்தே போயிருப்பார். சோம்பல் இதற்குக் காரணமில்லை. ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த ஆட்கள் குறைவு. அந்த வேலைக்குச் சம்பளம் கொடுக்கும் இடங்கள் அதைவிடக் குறைவு.

பெருவிலோ எக்வடோரிலோ நான் எடுத்த படத்தில் இருப்பது புதிய இனமாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. என்ன செய்வது?

முதலில் அடிப்புறம் தெளிவாகத் தெரியும் படம் இருக்கிறதா என்று பாருங்கள். கண், உணர்கொம்பின் நுனி, வால் பகுதி மூன்றும் தெரிந்தால் நல்லது. இறக்கையை விரித்த ஒரு படம் கிடைத்திருந்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள். இடம், உயரம், தேதி ஆகியவற்றோடு மணியையும் எழுதிவையுங்கள். ஹேர்ஸ்ட்ரீக்குகளுக்கு நேரம் எவ்வளவு முக்கியம் என்று மேலே சொன்னேன். பட்டர்ஃபிளைஸ் ஆஃப் அமெரிக்காவில் அந்தப் பேரினத்தின் வகை மாதிரிகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். இயற்கைப் படங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதிவேற்றினால் அந்தந்த நாட்டு ஆய்வாளர்கள் கண்ணில் படும். பெரும்பாலும் பெயருள்ள இனமாகத்தான் முடியும். அப்போதும் அந்த இனத்துக்கு ஒரு புதிய இடம் பதிவாகியிருக்கும். யாருக்கும் பெயர் சொல்ல வரவில்லை என்றால், லிமாவில் உள்ள சான் மார்கோஸ் பல்கலைக்கழகத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் போல அந்த நாட்டு நிறுவனம் ஒன்றுக்கு எழுதுங்கள். எழுதும்போது எந்தெந்த இனங்களோடு ஒப்பிட்டீர்கள், ஒவ்வொன்றிலிருந்தும் எதில் வேறுபடுகிறது என்பதைச் சேர்த்து எழுதினால், படிக்கிறவர் வேலையை அங்கிருந்தே தொடங்கலாம்.